நிவாரணப் பட்டியலை ஊர் நடுவே ஒட்டு!

ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம் பகுதியில் ஏரிகள் நிரம்புகின்றன. சில வருடங்களில் கரை உடைகிறது. கலங்கல் தாண்டிய தண்ணீர் கழனியில் பாய்கிறது. சம்பாப் பயிர் முழுகி அழுகுகிறது. மந்திரிகள் வருகிறார்கள். அதிகாரிகள் வருகிறார்கள். வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். பிறகு கோட்டையிலிருந்து அறிக்கை வருகிறது. பயிருக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு, குடிசைக்கு இவ்வளவு என்று மறுநாள் பத்திரிகைகளில் அந்தத் தொகைகள் கொட்டை எழுத்துக்களில் வெளியாகின்றன.

அத்தோடு பகிரங்கம் முடிந்துவிடுகிறது. அந்தப் பணம் எந்த ஊரில், எந்த சர்வே நம்பருக்கு, எவர் பெயரில், எத்தனை ரூபாய் போய்ச் சேர்ந்தது என்ற பட்டியல் கொட்டை எழுத்தில் வருவதில்லை. அது தாலுகா ஆபீஸ் கட்டுக்குள்ளும் கணிப்பொறிக்குள்ளும் தூங்குகிறது. தன் பெயர் ஏன் விடுபட்டது என்று கேட்கப் போகிற ஏழை விவசாயி, ‘மேலே அனுப்பிவிட்டோம்’ என்ற ஒரே பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்பி வருகிறான்.

நாம் சொல்கிறோம்: நிவாரணம் யாருடைய தர்மமும் அல்ல. தீப்பெட்டி வாங்குகிறவனும் வரி கொடுக்கிறான். அந்த வரிப்பணம்தான் நிவாரணமாகத் திரும்பி வருகிறது. ஆகவே அதன் கணக்கு ஊருக்குச் சொந்தம். நிவாரணப் பட்டியல் ஊர் நடுவே ஒட்டப்பட வேண்டும். கிராம சபையில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். இதை ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்துத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து எழுப்ப வேண்டிய கோரிக்கையாக நாம் முன்வைக்கிறோம்.

மூன்று கிராமங்கள்

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய நான்கு ஜில்லாக்களும் தண்ணீரில் மிதந்தன. டிசம்பர் 9ஆம் தேதி தமிழக சர்க்கார் நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய், ரேஷன் கடை மூலமாக ரொக்கமாகக் கொடுக்கப்படும் என்றார்கள். கொடுக்கவும் செய்தார்கள். அதை நாம் குறை சொல்லவில்லை. அடுப்பு நனைந்த வீட்டில் அந்த 6,000 ரூபாய் அரிசியாகவும் மருந்தாகவும் ஆயிற்று.

ஆனால் நம் பகுதியைப் பற்றி அந்த ஏற்பாட்டில் இருந்த வாசகத்தைக் கவனியுங்கள். காஞ்சிபுரம் ஜில்லாவில் குன்றத்தூர் தாலுகா முழுவதும். ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவில் 3 வருவாய்க் கிராமங்கள் மட்டும். இப்படித்தான் கோடு கிழித்தார்கள்.

கோடு கிழிப்பது தவறு என்று நாம் வாதாடவில்லை. எங்காவது ஓர் எல்லை வேண்டியிருக்கும். நாம் கேட்பது இதுதான்: அந்த மூன்று கிராமங்கள் எந்தக் கணக்கைக் கொண்டு பொறுக்கப்பட்டன? எத்தனை சென்டிமீட்டர் மழை? எத்தனை நாள் தண்ணீர் நின்றது? எத்தனை வீடுகளுக்குள் புகுந்தது? பக்கத்துக் கிராமத்தில் அந்த எண்கள் என்ன? தண்ணீர் வருவாய்க் கிராமத்தின் எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. அளவுகோல் ஒன்று இருந்திருக்குமானால் அதைப் பலகையில் எழுதி வைக்க என்ன தயக்கம்? எழுதி வைத்திருந்தால் நான்காவது கிராமத்துக்காரன் பார்த்து, ‘சரி’ என்று ஒத்துக்கொள்வான். அல்லது ‘இந்த எண் தவறு’ என்று சாட்சியோடு வருவான். அளவுகோலைக் காட்டாதபோது அவன் என்ன நினைப்பான்? ‘அங்கே ஆள் இருக்கிறது, இங்கே இல்லை’ என்றுதான் நினைப்பான்.

அடுத்த வருடமே இதே கேள்வி வேறு ஜில்லாக்களில் எழுந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி ஜில்லாக்களைச் சூறையாடியது. அங்கே குடும்பத்துக்கு 2,000 ரூபாய் என்று சர்க்கார் அறிவித்தது. சென்னைப் பக்கம் 6,000, விழுப்புரத்தில் 2,000. எந்தக் கணக்குப்படி ஒரு குடும்பத்தின் துயரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது? கணக்கு இருந்தால் காட்டட்டும் என்பதே நம் வாதம்.

32க்கும் 33க்கும் நடுவே

பயிர் நிவாரணத்துக்கு வருவோம். 2023 டிசம்பரில் சர்க்கார் தொகைகளைக் கூட்டியது. 33 சதவிகிதமும் அதற்கு மேலும் சேதமான பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாயாக இருந்தது 17,000 ஆயிற்று. மானாவாரிப் பயிருக்கு 7,410லிருந்து 8,500. பல்லாண்டுப் பயிருக்கும் மரங்களுக்கும் 18,000லிருந்து 22,500. பசுவோ எருதோ செத்தால் 30,000லிருந்து 37,500. ஆட்டுக்கு 3,000லிருந்து 4,000. பயிருக்கான இந்த 17,000, 8,500, 22,500 என்ற தொகைகள் 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு மத்திய சர்க்கார் பேரிடர் நிதிக்கு வகுத்த விதியில் உள்ள தொகைகளேயாகும். அந்த விதிப்படி ஒரு விவசாயிக்கு அதிகபட்சம் 2 ஹெக்டேருக்குத்தான் கிடைக்கும்.

ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். அப்படியானால் நெல்லுக்கு ஏக்கருக்குச் சுமார் 6,900 ரூபாய். நாற்பது சென்ட் வைத்திருக்கிற ஏழைக்கு 2,750 ரூபாய். உழவு, நாற்று, நடவு, உரம், களையெடுப்பு என்று அவன் மண்ணில் போட்டதில் இது எந்த மூலைக்குக் காணும் என்பது கழனியில் இறங்கியவர்களுக்குத் தெரியும். தொகை போதாது என்பது தனிச் சண்டை. அதை நாம் விடப்போவதில்லை. ஆனால் அந்தப் போதாத தொகையாவது உரியவன் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே இன்றைய கேள்வி.

இங்கேதான் அந்த 33 என்ற எண்ணின் மகிமை தெரிகிறது. 2015க்கு முன்னால் பாதிப் பயிர், அதாவது 50 சதவிகிதம் போயிருந்தால்தான் நிவாரணம். அந்த வருடம் அதை 33 ஆகக் குறைத்தார்கள். நல்லது. ஆனால் அழுகிக் கிடக்கும் பயிரில் 33 சதவிகிதம் எது, 32 எது? தராசில் வைத்தா நிறுக்கிறார்கள்? கிராம நிர்வாக அலுவலரும் விவசாய இலாகா ஊழியரும் வந்து பார்த்து ஓர் எண்ணை எழுதுகிறார்கள். 33 என்று எழுதினால் ஹெக்டேருக்கு 17,000. 32 என்று எழுதினால் ஒரு காசும் இல்லை. ஒரே மடையில் தண்ணீர் பாய்ந்த, ஒரே வரப்பால் பிரிந்த இரண்டு கழனிகளில் ஒன்றுக்கு 40 என்றும் மற்றதற்கு 30 என்றும் எழுதினால், அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் யார்? தாசில்தாரா? கலெக்டரா? சென்னையில் உட்கார்ந்திருக்கும் கமிஷனரா? இவர்கள் ஒருவராலும் முடியாது. அந்த இரண்டு கழனிகளிலும் நடவு நட்ட பெண்களால் முடியும். பக்கத்துக் கழனிக்காரனால் முடியும். அவர்கள் கண்ணுக்குத்தான் பட்டியல் மறைக்கப்படுகிறது!

கிராம ஊழியர்கள் எல்லோரும் அயோக்கியர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒரே ஊழியர் பல ஊர்களைச் சுமக்கிற நிலைமையும், கெடு வைத்துக் கணக்குக் கேட்கிற மேலதிகாரியும் நமக்குத் தெரியாதவை அல்ல. ஊர்ப் பெரிய மனிதர் வீட்டுத் திண்ணையிலிருந்து, ‘என் பேரை எழுது’ என்று அதட்டல் வரும்போது நேர்மையான ஊழியருக்கு என்ன பாதுகாப்பு? ‘ஐயா, நாளைக்கு இது சாவடியில் ஒட்டப்படும், ஊரே பார்க்கும்’ என்று அவர் சொல்ல முடியுமானால் அதுவே அவருக்குக் கவசம். பகிரங்கம் ஏழைக்கு மட்டுமல்ல, யோக்கியமான ஊழியருக்கும் துணை.

உழுதவன் யார், வாங்கியவன் யார்?

நம் வட்டாரத்தில் இந்தப் பிரச்னை மற்ற இடங்களைவிடக் கூர்மையானது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம், ஒரகடம் என்று தொழிற்பேட்டைகள் வந்தபின் நிலத்தின் கதை மாறிவிட்டது. கழனியைக் கழனியாக வைத்திருப்பவர் ஒருவர். விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்டிருப்பவர் வேறொருவர். பட்டா பட்டணத்துக்காரர் பெயரில் இருக்கும். உழுது நடுபவன் உள்ளூர்க் குத்தகைக்காரனாக இருப்பான். குத்தகை வாய்ப்பேச்சுதான், கையெழுத்தில்லை, சாட்சியில்லை. ‘எழுதிக் கொடுத்தால் நாளைக்கு உரிமை கேட்பாய்’ என்று நிலக்காரர் எழுதிக் கொடுப்பதில்லை.

குத்தகை விவசாயிகளைப் பாதுகாக்க 1955இல் சட்டம் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இல் இன்னொரு சட்டம் வந்தது. ஏட்டில் இரண்டும் இருக்கின்றன. ஆனால் வெள்ளம் வந்த பிறகு ஆபீசில் கேட்கப்படுவது என்ன? பட்டா, சிட்டா, அடங்கல், பாங்குக் கணக்கு. அடங்கலில் சாகுபடி செய்பவன் பெயர் ஏறாவிட்டால் அவன் அந்த நிலத்தில் இல்லாதவன். விதை அவனுடையது, கடன் அவனுடையது, அழுகிய பயிரும் அவனுடையது. நிவாரணம் மட்டும் பட்டாதாருக்கு!

நெல்லை ஒரு நாளும் கையால் தொடாத பட்டாதார் பெயரில் பணம் ஏறியிருக்குமானால், அது ஊர் நடுவே ஒட்டப்படும் பட்டியலில் தெரிந்துவிடும். தரிசாகக் கிடந்த மனைக்குப் ‘பயிர்ச் சேதம்’ எழுதப்பட்டிருக்குமானால் அதுவும் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதால்தான் பட்டியலுக்குப் பூட்டு வேண்டியிருக்கிறது.

இனி, குத்தகையும் இல்லாத விவசாயத் தொழிலாளி. கழனி முழுகினால் அவனுக்குக் களையெடுப்பு இல்லை, அறுப்பு இல்லை, களம் இல்லை. ஒரு போகத்துக் கூலி போயிற்று. ஆனால் பயிர் நிவாரண விதி நிலத்தைப் பார்க்கிறது. நிலத்தில் குனிந்த முதுகைப் பார்ப்பதில்லை. வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு உதவ மத்திய விதிகளில் ஓர் இனம் இருக்கிறது. அந்த இனத்தின் கீழ் நம் ஊரில் எந்த விவசாயத் தொழிலாளிக்கு என்ன கொடுக்கப்பட்டது? இதையும் பட்டியலில் எழுதட்டும். ஒருவருக்கும் இல்லையென்றால் ‘இல்லை’ என்றே எழுதட்டும். அந்த ‘இல்லை’ என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நாம் கலெக்டரிடம் பேசுவோம்.

110 கோடி கற்பித்த பாடம்

மறைவில் பணம் பட்டுவாடா நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. பிரதம மந்திரியின் பெயரால் விவசாயிகளுக்கு வருடத்துக்கு 6,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தில், தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு நடந்ததை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். கொரோனா ஊரடங்கு நாட்களில், நிலமே இல்லாதவர்கள், விவசாயத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் ‘விவசாயி’களாகச் சேர்க்கப்பட்டார்கள். ஆகஸ்டில் விஷயம் அம்பலமாயிற்று. 110 கோடி ரூபாய்க்கு மேல் தகுதியில்லாத கணக்குகளுக்குப் போயிருந்தது. இலாகாவின் ரகசியக் குறியீடுகளைக் கொண்டு ஒப்பந்த ஊழியர்களும் தரகர்களும் பெயர்களை ஏற்றியிருந்தார்கள். ஏமாந்து பெயர் கொடுத்த ஏழைகள் பலர்; கமிஷன் தின்றவர்கள் தரகர்கள்.

பணம் நேராகக் கணக்குக்குப் போனால் லஞ்சத்துக்கு இடமே இல்லை என்று பெருமையடிக்கிறவர்கள் இந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும். கணிப்பொறி கள்ளக் கணக்கையும் நல்ல கணக்கையும் ஒரே வேகத்தில்தான் அனுப்புகிறது. அந்தத் திட்டத்தின் கிராமவாரிப் பெயர்கள் இணையத்தில் இருக்கின்றன. ஆனால் ஊர் கூடிப் படித்துச் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. ஒரே ஒரு கிராம சபையில் அந்தப் பெயர்களை உரக்கப் படித்திருந்தால் போதும். ‘இவனுக்கு ஏது நிலம்?’ என்று முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவியே கேட்டிருப்பாள்!

எடுக்கும்போது பகிரங்கம், கொடுக்கும்போது ரகசியமா?

பட்டியலை ஒட்டினால் தனிமனிதரின் அந்தரங்கம் கெட்டுவிடும் என்று ஒரு வாதம் சொல்லப்படுகிறது. இதைச் சற்று ஆராய்வோம்.

தொழிற்பேட்டைக்காக நம் நிலத்தைச் சர்க்கார் எடுத்தபோது என்ன செய்தார்கள்? 1997ஆம் வருடத்துத் தொழில்நோக்க நில எடுப்புச் சட்டத்தின் கீழ் அறிவிப்புப் போட்டார்கள். சர்வே நம்பர், உட்பிரிவு, விஸ்தீரணம், நிலக்காரர் பெயர் என்று வரிவரியாகக் கெஜட்டிலும் பத்திரிகையிலும் அச்சிட்டார்கள். பரந்தூர் விமான நிலையத்துக்காக ஏகனாபுரம் முதலிய கிராமங்களின் நிலங்களுக்கும் அப்படித்தான் அறிவிப்பு வந்தது. அப்போது விவசாயியின் அந்தரங்கம் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை!

2005ஆம் வருடத்து ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் நூறு நாள் வேலைக்குப் போன பெண்ணின் கதை என்ன? அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கிராம சபையின் சமூகத் தணிக்கைக்கு வழி செய்தது. அவள் பெயர், வேலை செய்த நாள், வாங்கிய கூலி எல்லாம் உலகமே பார்க்கும்படி இணையத்தில் ஏற்றப்பட்டன. மண் சுமந்தவளின் கூலியைப் பகிரங்கமாக்கியது சரிதான்; அதை நாம் ஆதரித்தோம். அந்த நியாயம் ஐந்து ஏக்கர் பட்டாதாரின் நிவாரணத்துக்கு மட்டும் ஏன் பொருந்தாது? கூலிக்காரிக்கு இல்லாத அந்தரங்கம் நிலக்காரருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2005ஆம் வருடத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மானியத் திட்டங்கள் நடத்தப்படும் விதத்தையும், ஒதுக்கிய தொகையையும், பயன்பெற்றவர் விவரத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் கழுத்தில் இப்போது கயிறு மாட்டப்பட்டிருக்கிறது. 2023இல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவைத் திருத்தியது. முன்பு, பொதுக் காரியத்துக்குச் சம்பந்தமில்லாத சொந்த விவரத்தைத்தான் மறுக்கலாம். சட்டசபைக்கு மறுக்க முடியாததைப் பிரஜைக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகமும் இருந்தது. அவற்றையெல்லாம் அடித்துவிட்டு, ‘தனிநபர் விவரம்’ என்ற ஒரே சொல்லால் கதவை மூட வழி செய்துவிட்டார்கள். 2025 நவம்பரில் அதை அமலுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். இனி, பட்டியலைக் கேட்டால் ‘அது தனிநபர் விவரம்’ என்று சொல்லத் துணிகிற அதிகாரிக்கு ஒரு சாக்குக் கிடைத்திருக்கிறது.

ஆயினும் கதவு முற்றிலும் மூடப்படவில்லை. 4ஆம் பிரிவு அப்படியே நிற்கிறது. பொதுநலன் பெரிதாக இருந்தால் விலக்கு அளிக்கப்பட்ட தகவலையும் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவும் நிற்கிறது. அவற்றைப் பிடித்துக்கொண்டு போராட வேண்டும்.

ஏழையின் கௌரவமும் நமக்கு முக்கியம். ஐரோப்பிய யூனியனில் விவசாய மானியம் பெறுகிறவர்களின் பெயர்களை வெளியிட்டு வந்தார்கள். ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்திலிருந்து வழக்கு வந்தது. தனிநபர்கள் விஷயத்தில் அந்த விதி அளவுக்கு மீறியது என்று 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. அதற்காக அவர்கள் பட்டியலைக் கொளுத்திவிடவில்லை. மிகச் சிறிய தொகை பெறுகிறவர்களின் பெயரை மறைத்து, மற்றவர்களின் பெயரை வெளியிடும்படி 2013இல் விதியைத் திருத்தினார்கள். நம் கிராமத்தில் கள்ளப் பெயர்கள் சிறு சிறு தொகைகளாகத்தான் நுழைகின்றன. ஆகவே ஊராருக்கு முழுப் பட்டியலும் வேண்டும். ஆனால் ஆதார் எண், பாங்குக் கணக்கு எண், டெலிபோன் எண் ஆகியவற்றை ஒட்ட வேண்டாம். அவை திருடனுக்குத்தான் உபயோகம். பெயர், சர்வே நம்பர், பரப்பு, பயிர், சேத சதவிகிதம், தொகை - இந்த ஆறு விவரம் போதும்.

கூலிக்காரர்கள் பெற்ற உரிமை

தகவல் உரிமை என்பது படித்தவர்கள் டில்லியில் உட்கார்ந்து வரைந்த வரம் என்று எண்ண வேண்டாம். வெள்ளைக்காரன் 1923இல் போட்ட அரசாங்க ரகசியச் சட்டத்தின் நிழலிலேயே சுதந்திர இந்தியாவின் ஆபீஸ்களும் நடந்து வந்தன. அந்தப் பூட்டை உடைக்க முதலில் கை வைத்தவர்களில் ராஜஸ்தானத்தின் கூலிக்காரர்கள் முன்னணியில் நின்றார்கள். வறட்சிப் பிரதேசம்; பஞ்ச நிவாரண வேலைகள்; குறைந்த கூலி. ‘மஸ்டர் ரோலைக் காட்டு’ என்று கேட்டால், ‘அது சர்க்கார் ரகசியம்’ என்று பதில்.

1990 மே தினத்தன்று அங்கே மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு பிறந்தது. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் ஊரைக் கூட்டி, மஸ்டர் ரோலையும் பில்களையும் உரக்கப் படித்தார்கள். ஏட்டில் ஒன்று, ஊரில் வேறொன்று என்பது மக்கள் வாயாலேயே அம்பலமாயிற்று. 1996இல் பியாவர் நகரத்தில் 40 நாள் உட்கார்ந்து போராடினார்கள். நாடு முழுவதும் அந்தக் குரல் பரவி, 2005இல் சட்டமாயிற்று. ‘நம் பணம், நம் கணக்கு’ என்பதே அவர்களுடைய கோஷத்தின் சாரம். பஞ்ச நிவாரணக் கூலியில் பிறந்த உரிமையை வெள்ள நிவாரணத்தில் நாம் கோட்டைவிடலாமா?

மேலிடத்துக் கணக்கும் வெளிவரட்டும்

கீழே கிராமப் பட்டியலைக் கேட்கிற நாம் மேலே இருப்பவர்களையும் விட்டுவிட முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும், அடுத்த இரண்டு வாரத்தில் தென் ஜில்லாக்களின் வெள்ளமும் சேர்ந்து ஏற்படுத்திய சேதத்துக்கு 37,907 கோடி ரூபாய் வேண்டும் என்று தமிழக சர்க்கார் கேட்டது. பேரிடர் நிதியில் தன் பங்காக 450 கோடி வீதம் இரண்டு தவணைகளில் 900 கோடி கொடுத்தாயிற்று என்று மத்திய சர்க்கார் சொன்னது. 2024 ஏப்ரலில், தமிழக சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன பிறகு, தேசிய நிதியிலிருந்து சுமார் 276 கோடி வந்தது. கேட்டது 37,907 கோடி. தேசிய நிதியிலிருந்து வந்தது 276 கோடி! மாநிலங்களின் வரி வருவாயை அள்ளிக்கொண்டு, ஆபத்து நேரத்தில் கிள்ளிக் கொடுக்கிற இந்தப் போக்கை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

ஆனால் டில்லியும் சென்னையும் ஒருவர் மேல் ஒருவர் கை காட்டும்போது நம் கண்முன் வருவது பாதிக் கணக்குகளே. மத்தியக் குழு வந்து என்ன சேதம் என்று எழுதிக்கொண்டு போயிற்று? எந்த விதிப்படி எந்த இனத்தை வெட்டினார்கள்? வந்த பணம் எந்த ஜில்லாவுக்கு எவ்வளவு போயிற்று? மேலிருந்து கீழ் வரை ஒரே சங்கிலியாக இந்தக் கணக்கு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். ஊர்ப் பலகையில் உள்ள தொகைகளைக் கூட்டினால் தாலுகாத் தொகை வர வேண்டும். தாலுகாத் தொகைகளைக் கூட்டினால் ஜில்லாத் தொகை வர வேண்டும். அப்போதுதான் ஓட்டை எங்கே என்று தெரியும்.

ஆலைத் தொழிலாளிக்கு இதில் என்ன?

‘நான் ஷெட்டில் வேலை செய்கிறேன்; கழனிக் கணக்கு எனக்கெதற்கு?’ என்று எந்தத் தொழிலாளத் தோழரும் கேட்கமாட்டார் என்று நம்புகிறோம். ஆலையில் ஷிப்ட் பார்க்கிறவனின் தகப்பனார் ஊரில் அரை ஏக்கர் நடுகிறார். தாயார் களையெடுக்கப் போகிறார். 2023இல் தண்ணீர் புகுந்த வாடகை அறைகளில் இருந்தவர்களில் தென் ஜில்லாத் தொழிலாளிகளும் பீகார், ஒடிசாத் தொழிலாளிகளும் உண்டு. ரேஷன் அட்டை இருக்கும் ஊர் ஒன்று, வெள்ளம் வந்த ஊர் வேறொன்று. விடுபட்டவர்களிடம் மனு வாங்கினார்களே, அவற்றில் எத்தனை ஏற்கப்பட்டன, எத்தனை தள்ளப்பட்டன, என்ன காரணத்துக்காக? இதுவும் ஊருக்குத் தெரிய வேண்டிய கணக்குத்தான்.

சம்பளச் சீட்டில் ஒரு ரூபாய் பிடித்தாலும், ‘எந்த இனத்தில் பிடித்தாய்?’ என்று கேட்டுப் பழகியவன் தொழிலாளி. அந்தப் பழக்கத்தை அவன் தன் ஊருக்குக் கொண்டு போக வேண்டும். மனு எழுதத் தெரிந்த பிள்ளைகள் ஆலையில் இருக்கிறார்கள். உண்மை தெரிந்த பெரியவர்கள் கழனியில் இருக்கிறார்கள். இருவரும் சேர்ந்தால் தாலுகா ஆபீஸ் அலமாரி திறக்கும்.

நமது கோரிக்கைகள்

ஒன்று: பயிர்ச் சேதக் கணக்கெடுப்பு முடிந்ததும், பணம் கொடுப்பதற்கு முன்பே, கிராமவாரி உத்தேசப் பட்டியல் கிராம நிர்வாக அலுவலர் ஆபீஸ், பஞ்சாயத்து ஆபீஸ், ரேஷன் கடை, கூட்டுறவு சங்கம் ஆகிய நான்கு இடங்களிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

இரண்டு: தள்ளப்பட்டவர்களின் பெயரும் காரணமும் அதே பட்டியலில் இருக்க வேண்டும். ஆட்சேபம் சொல்ல 15 நாள் அவகாசமும் எழுத்து மூலமான பதிலும் வேண்டும்.

மூன்று: பட்டியல் கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் தமிழ்நாட்டில் கிராம சபைக்கு உரியவை. வெள்ளம் வந்த வருடத்தில் இதற்கென்றே தனிக் கூட்டமும் கூட்ட வேண்டும்.

நான்கு: பட்டா யார் பெயரில் இருந்தாலும், அந்தப் போகத்தில் உண்மையில் சாகுபடி செய்தவருக்கே நிவாரணம். வாய்மொழிக் குத்தகையை ஊர் விசாரணை மூலம், பக்கத்துக் கழனிக்காரர்களின் சாட்சியத்தோடு ஏற்க வேண்டும்.

ஐந்து: வேலை இழந்த விவசாயத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் நிவாரணம், அதற்கும் தனிப் பட்டியல்.

ஆறு: எந்தக் கிராமம் ‘பாதிக்கப்பட்டது’, எது இல்லை என்று தீர்மானித்த அளவுகோலும் மழை அளவும் வெளியிடப்பட வேண்டும்.

ஏழு: தகவல் உரிமைச் சட்டத்தின் கழுத்தை நெரிக்கும் 44(3) பிரிவை மத்திய சர்க்கார் ரத்து செய்ய வேண்டும்.

இவற்றில் எதற்கும் சர்க்கார் கஜானாவிலிருந்து கோடிகள் வேண்டியதில்லை. நான்கு தாளும் கொஞ்சம் பசையும் போதும். ஆகவே ‘நிதி இல்லை’ என்ற வழக்கமான பல்லவி இங்கே செல்லாது.

சர்க்கார் தானாக ஒட்டும் வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 10 ரூபாய் கட்டணத்தில் எந்தப் பிரஜையும் தகவல் மனுப் போடலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். ஏட்டை நேரில் பார்வையிடவும் உரிமை உண்டு. ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பேர் சேர்ந்து மனுப் போடுங்கள். கிடைத்த பட்டியலை ஊர் மரத்தடியில் கூடிப் படியுங்கள். கள்ளப் பெயர் இருந்தால் குறியுங்கள். விடுபட்ட பெயர் இருந்தால் எழுதுங்கள். அதைக் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். மே தினத்தன்று செங்கொடி ஏற்றிவிட்டு, அங்கிருந்து அப்படியே கிராம சபைக்குப் போய் உட்காருங்கள்.

மழை மறுபடியும் வரும். அது வருவதற்குள் பட்டியலை வெளியே கொண்டுவருவோம். ஆலையும் கழனியும் சேர்ந்து கேட்கட்டும்: எங்கே எங்கள் பணம்? காட்டு கணக்கை!